புகாரிலிருந்து மதுரைக்கு: கண்ணகி நடந்த வழியில் நடக்கப் போகிறவர்களுக்கு

சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாகவும் அரசியல் கதையாகவும் படிக்கிறோம். நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை ஆகிய நான்கையும் வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். அவை ஒரு நெடுநடைக்கான வழிக்குறிப்பாகவே இருக்கின்றன. எந்தக் கரையில் போவது, ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது, காலடியில் என்ன ஆபத்து, எங்கே வழி பிரிகிறது, எப்போது பகல் நடையை விடவேண்டும் என எல்லாம் இருக்கிறது. பூம்புகார் முதல் மதுரை வரை இன்றும் அந்த வழியில் நடக்கலாம். பலகையோ அம்புக்குறியோ கிடையாது. வழிகாட்டி இளங்கோவடிகள்தான்.

முதலில் தூரம். வழித்துணையாக வரும் சமணத் துறவி கவுந்தியடிகளின் பள்ளியருகே கண்ணகி "மதுரை மூதூர் யாது" என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே "ஆறைங் காதம்" என்கிறான். அதாவது முப்பது காதம். கூடவே "நணித்து", பக்கந்தான், என்றும் சொல்லி வைக்கிறான். காதம் என்றால் பத்து மைல் என்று கணக்கிட்டால் 480 கி.மீ. வரும், அது நிலப்பரப்போடு பொருந்தாது. வடகரை வழியாகத் திருவரங்கம் போய், உறையூர், கொடும்பாளூர் வழியாக மதுரை சேர்ந்தால் ஏறத்தாழ 300 கி.மீ. ஆகிறது. அந்தக் கணக்கில் ஒரு காதம் பத்து கி.மீ. சொச்சம். "காவதம் அல்லது கடவார் ஆகி" என்கிறது காப்பியம். ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை, இடையில் பல நாள் தங்கியும் இருக்கிறார்கள்.

நடைக்குப் பழகாத பெண்ணை வைத்துக்கொண்டு வகுத்த வேகம் அது. இன்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே முப்பது கி.மீ. போட்டுவிட்டு மூன்றாம் நாள் பேருந்து ஏறுகிறார்கள். முதல் மூன்று நாள் 12 கி.மீ., அதன் பிறகு 16 முதல் 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு நாளில், இடையில் ஒரு நாள் ஓய்வோடு, முடிக்கலாம். இதைவிடக் குறைந்த நாள்தான் கையில் இருக்கிறதென்றால் பாதி வழியை மட்டும் நடங்கள். பூம்புகார்–திருவரங்கம் ஒரு தடவை, உறையூர்–மதுரை இன்னொரு தடவை. இரண்டும் இரு வேறு நிலம், இரு வேறு நடை.

எந்த மாதம்? காப்பியத்தில் அவர்கள் நடப்பது கடும் வேனிலில். மதுரை எரிவது ஆடியில் என்று கட்டுரை காதை சொல்கிறது. அதை அப்படியே பின்பற்றுவது பக்தியாக இருக்கலாம், புத்திசாலித்தனம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் களிமண் வரப்பு சோப்பாக வழுக்கும், செருப்பின் அடியில் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளும். சரியான காலம் தை நடுவிலிருந்து மாசி முடிய. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். தையில் கிளம்பினால் வாய்க்காலில் ஓரளவு தண்ணீர் இருக்கும், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், களத்துமேட்டில் ஆள் இருப்பார்கள், வழி கேட்கலாம்.

தைப்பூசம் பௌர்ணமியில் வருவதால் இன்னொரு வசதியும் உண்டு. கொடும்பாளூருக்குத் தெற்கே நடக்கும் நாட்கள் அந்த வாரத்தில் விழுமாறு திட்டமிட்டால் விடியற்காலை நடைக்கு நிலவு துணைக்கு வரும். ஆனால் அதே தைப் பௌர்ணமியில்தான் மதுரையில் தெப்பத் திருவிழா. அன்று போய்ச் சேர்ந்து அறை தேடினால் கிடைப்பது கடினம்.

இனி வழி. புகாரை விட்டு வைகறையில் கிளம்பி, மேற்கே திரும்பி, காவிரியின் வடகரையைப் பிடிக்கிறார்கள். வடகரையை ஏன் பிடித்தார்கள் என்று காப்பியம் சொல்வதில்லை. நடந்து பார்த்தால் இன்றைக்கும் அதுவே சரி என்று தெரியும். காவிரியின் பெரிய கிளைகள் பெரும்பாலும் தெற்கே பிரிகின்றன: கல்லணையில் வெண்ணாறு, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு. தென்கரையில் நடந்தால் கிளை பிரியும் ஒவ்வொரு தலைப்பிலும் கரை அறுந்து போகும், பாலம் தேடி ஒதுங்க வேண்டும். வடகரையில் பெரிதாகக் குறுக்கிடுவது மண்ணியாறுதான். மற்றவை சிறு வாய்க்கால்கள், மதகின் மேலேயே கடந்துவிடலாம். "கரையோரமாகப் போனால் நேர் வழி" என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தக் கிளைத் தலைப்புகளில்தான். கைப்பேசி வரைபடத்தில் வாய்க்கால் மெல்லிய நீலக் கோடாகத் தெரியும், சில இடத்தில் தெரியவே தெரியாது. முதல் நாள் இரவே செயற்கைக்கோள் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் பாதையில் உள்ள பாலங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் பாலம் என்று நடந்தால் தவறாது.

வடகரைக்கு இன்னொரு ஆயத்த வரைபடம் உண்டு: தேவாரப் பாடல் பெற்ற தலங்களின் பட்டியல். சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலங்கள் 63 என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பட்டியல் பையில் இருக்க வேண்டும். தலம் என்றால் அங்கே ஒரு குளம், ஒரு மரநிழல், ஒரு டீக்கடை, பகலில் முதுகு சாய்க்க ஒரு மண்டபம், நின்று போகும் ஒரு பேருந்து. நடப்பவருக்கு வேறென்ன வேண்டும்? கோயில்கள் பொதுவாக நண்பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கின்றன. உள்ளே பார்க்க வேண்டியது இருந்தால் பதினொன்றுக்குள் போய்ச் சேருமாறு நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

பூம்புகாரில் ஒரு முழுப் பகல் செலவழியுங்கள். 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நியாயமில்லை. கீழையூரில் அகழ்ந்தெடுத்த படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும், பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. இந்திர விகாரம் ஏழையும் தாண்டிக் கோவலன் போனான் என்ற வரியை அந்த அடித்தளத்துக்குப் பக்கத்தில் நின்று படிப்பது தனி. வடக்கே திருவெண்காடு அரை நாள் நடை. சோமகுண்டம், சூரியகுண்டம் என்று தோழி தேவந்தி கண்ணகிக்குச் சொல்லும் துறைகளை அங்கே உள்ள குளங்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான், வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். கடைசிக் கதவணை மேலையூரில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பூம்புகாரிலிருந்து மேலையூர் வழியாக மயிலாடுதுறை 24 கி.மீ. அளவு. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வடகரையாகவே திருமணஞ்சேரி, திருக்கோடிக்காவல், கஞ்சனூர், சூரியனார்கோயில், திருமங்கலக்குடி, திருவிசநல்லூர் என்று ஊருக்கு ஊர் நடந்து கும்பகோணம் வரலாம். மூன்று நாள். சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் நவக்கிரகத் தலங்கள் என்பதால் வார இறுதியில் வேன்கள் குவியும். அந்த ஊர்களைச் செவ்வாய், புதனில் கடப்பது நல்லது. கும்பகோணம் ஆற்றுக்குத் தெற்கே இருந்தாலும் இரவு தங்க அங்கே போய்த்தான் ஆகவேண்டும், மறுநாள் திரும்பவும் வடகரைக்கு வந்துவிடலாம். உமையாள்புரம், கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம், திருப்பழனம் வழியாகத் திருவையாறு இரண்டு நாள். பிறகு கோவிலடி, கல்லணை. இதில் திருவையாறு–கல்லணைப் பகுதிதான் எங்கள் கணக்கில் முழு வழியிலும் நடக்க இனிமையானது. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கொள்ளிடம், நடுவே வாழை. தங்கும் விடுதி மட்டும் சொற்பம். திருவையாற்றிலோ திருக்காட்டுப்பள்ளியிலோ பையைப் போட்டுவிட்டு, அன்றன்றைக்கு நடந்து முடித்த இடத்திலிருந்து பேருந்தில் திரும்பி வந்து தூங்குவது பலரும் செய்வது. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கவுந்தியடிகள் கிளம்புமுன் சொல்லும் எச்சரிக்கைகளைக் கவனித்துப் படியுங்கள். சோலை வழி போனால், கிழங்கு தோண்டிய குழியை உதிர்ந்த சண்பகப்பூ மூடியிருக்கும், தெரியாமல் கால் வைத்தால் விழ வேண்டியதுதான். பூவைப் பார்த்து ஒதுங்கினால் தொங்கும் பழம் தலையில் முட்டும். மஞ்சள், இஞ்சிப் பாத்தியில் பலாக்கொட்டை பரல்கல்லாகக் குத்தும். வயல் வழி போனால், நீர்நாய் கவ்விய வாளை சட்டெனத் துள்ளும், பயந்து தடுமாறுவாய். கரையில் நண்டையும் நத்தையையும் மிதிக்க நேரும். சமணத் துறவி கவலைப்படுவது உயிர்க்கொலைக்காக. ஆனால் நடப்பவன் கண்ணுக்கு இது படுகைப் பாதையின் அபாயப் பட்டியல். இன்றைக்குக் கிழங்குக் குழி இல்லை, ஆனால் வாழைத்தோப்பில் கன்று பெயர்த்த குழி உண்டு, மேலே சருகு மூடியிருக்கும். வரப்பில் நண்டு வளை பறித்த இடம் மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். கையில் ஐந்தடி மூங்கில் கழி ஒன்று இருந்தால் சருகையும் வரப்பையும் தட்டிப் பார்த்து நடக்கலாம். விடிவதற்கு முன் ஊர்த்தெருவில் நாய்க்கும் அதுவே பதில். ஓங்க வேண்டாம், தரையில் ஊன்றி நின்றால் போதும். ஓடினால்தான் துரத்தும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

இரவில் மண்டபத்திலோ திண்ணையிலோ தரையில் படுப்பதாக இருந்தால் கொசுவலை அவசியம், கொசுவுக்காக மட்டுமில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது. வலி பெரிதாகத் தெரியாது, காலையில் கண்ணிமை தூக்க முடியாமல் போகும்போதுதான் தெரியவரும். வலையின் நான்கு ஓரத்தையும் பாயின் அடியில் செருகிவிட்டுத் தூங்குங்கள். சந்தேகம் வந்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆற்று மணலில் இறங்கி நடக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். மணலில் வேகம் பாதியாகும், குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் வந்தபின் கண்ணுக்குத் தெரியாது. மேலே கதவணையில் தண்ணீர் திறந்தால் கீழே நிற்பவருக்குத் தெரிவதற்குள் இடுப்பளவு வந்துவிடும். குளிக்க வேண்டுமானால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் குளியுங்கள். கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லணையிலிருந்து கிளிக்கூடு, உத்தமர்சீலி, பனையபுரம், திருவளர்ச்சோலை வழியாகத் திருவானைக்காவும் திருவரங்கமும். இரு ஆறுகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலம் இது. காப்பியத்தில் அரங்கத்துச் சோலையில் சாரணர் என்னும் சமண முனிவர்களைக் கண்டு வணங்கியபின் ஓடத்தில் ஏறித் தென்கரை சேர்கிறார்கள். இப்போது பாலம்தான். திருவரங்கத்தில் ஓய்வு நாளை வைத்துக்கொள்ளுங்கள், தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை, துணி துவைத்துக் காயப்போடலாம், பையில் இதுவரை எடுத்தே பார்க்காத சாமானை அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்த பாதிக்குப் பை இலேசாக இருக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி, தண்ணீரையும் சேர்த்து.

உறையூருக்குப் பிறகு காப்பியத்தின் தொனியே மாறுகிறது. மாங்காட்டு மறையவன் வந்து வழி சொல்கிறான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து "பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்ற வரி இங்கேதான். திருச்சி தாண்டி மணிகண்டம் கடந்ததும் அது புரியும். பசுமை தீர்ந்துபோகும், செம்மண்ணும் பாறையும் கருவேலமுமாக விரியும். விராலிமலை ஏறத்தாழ 30 கி.மீ., அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலை கொடும்பாளூர் போங்கள். கொடும்பாளூரில் தங்க விடுதி எதிர்பார்க்க வேண்டாம். பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்தரையில் உட்கார்ந்து காடுகாண் காதையை எடுத்தால் "கொடும்பை நெடுங்குளக் கோட்டகம்" என்று வரும். அங்கிருந்து வழி சிவனின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையவன்.

அந்த மூன்று வழியையும் இன்றைய சாலைகளோடு பொருத்தலாம். வலப்பக்க வழி சிறுமலையை வலமாக வைத்துப் போவது. இன்று துவரங்குறிச்சி வரை வந்து நத்தம் சாலையில் திரும்பினால், நத்தத்திலிருந்து மதுரை வரை சிறுமலை வலக்கைப் பக்கமே வரும். இடப்பக்க வழி திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. மேலூர் போய் அழகர்கோயிலுக்குத் திரும்பலாம், அங்கிருந்து மதுரை 21 கி.மீ. நடுவழி, ஊரும் காடும் மாறி மாறி வருவது, கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, மேலூர் என்று போவதாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் வேறு மாதிரியும் பொருத்துவார்கள், நடப்பவருக்கு இது போதும். மூவரும் போனது நடுவழியில்.

எதைத் தேர்வது? நிழலும் அமைதியும் வேண்டுமென்றால் நத்தம் வழி. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் நத்தம் வழியாகவே போகும், தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் அங்கங்கே இருக்கும், இரவில் துணைக்கு ஆள் இருக்கும். ஆனால் கவுந்தியடிகளுக்காக நடுவழியைச் சொல்வோம். கருங்காலக்குடிக் குன்றில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. மேலூரிலிருந்து பிரிந்து போனால் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், குடைவரையும் தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு. பக்கத்தில் மாங்குளம், நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டு. காப்பியத்துப் பாண்டியன்தான் இவன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கிருந்து யானைமலை. ஒரு சமணத் துறவி உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்தால் எங்கெங்கே தங்கியிருப்பார் என்பதற்கு இந்தக் குன்றுகளைவிட நல்ல விடை கிடையாது. மொட்டைப் பாறையில் ஏறுவதால் காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், பிறகு பாறை சுடும்.

நடுவழியின் தொல்லை நான்குவழிச் சாலை. விரிவாக்கத்தில் போன மரங்களின் நிழல் திரும்பி வரவில்லை. தார் வெப்பம் கீழிருந்தும் ஏறும். இணைப்புச் சாலை இருக்கும் இடத்தில் அதில் நடங்கள். இல்லாத இடத்தில் எதிரே வண்டி வரும் பக்கமாக, மதுரை நோக்கிப் போகும்போது உங்கள் வலக்கைப் பக்கமான மேற்கு ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அடுத்த திரும்புமிடம் வரை போகச் சோம்பல்பட்டு அதே ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். ஒளி எதிரொளிக்கும் மேற்சட்டை முன்னும் பின்னும் தெரிய வேண்டும், பை மறைத்துவிட்டால் பையின் மேலேயே ஒரு பட்டையைத் தைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றி இளங்கோ எழுதியதை ஒரு மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். வேட்டுவ வரியின் தொடக்கத்தில் கண்ணகியின் நிலை: "சீறடி சிவப்ப", "குறும்பல உயிர்த்து". அடி சிவந்து போயிருக்கிறது, மூச்சு குறுகிக் குறுகிப் பலவாக வருகிறது. உடல் சூடேறி நீர் வற்றியதன் அடையாளம் அது. இத்துடன் தலைவலி, குமட்டல், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது சேர்ந்தால் அன்றைய நடை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் கழுத்தும் அக்குளும் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குளறினாலோ வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ மருத்துவமனைதான். நடுவழியில் தண்ணீர் தேடிப் பொய்கைக்குப் போன கோவலன் முன், மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் கானுறை தெய்வம் வந்து நிற்கிறது. தாகத்தோடு நண்பகலில் தனியாக ஒதுங்கிய ஒருவனுக்கு அது வந்தது என்பதை, நடந்து பழகியவர்கள் ஒரு புன்னகையோடுதான் படிப்பார்கள்.

திருச்சிக்குத் தெற்கே ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். கண்மாய்த் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம், துணி நனைக்க மட்டும். காலை நாலுக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள், மாலை நாலரைக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம். புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலன், "படிந்தில சீறடி பரல்வெங் கானத்து", கண்ணகியின் சிற்றடி இந்தப் பரல்காட்டுக்குப் பழகவில்லை, என்று சொல்லி, பகலை விட்டு நிலவில் நடக்கலாம் என்று கவுந்தியிடம் கேட்கிறான், அவரும் ஒப்புகிறார். பாண்டியன் ஆட்சியில் புலியும் மானும் பகைக்காது என்று காப்பியம் தெம்பாகச் சொல்லும். லாரி ஓட்டுநர்களுக்கு அந்த ஆணை பொருந்தாது. எனவே முழு இரவு நடை நத்தம் வழியில் கூட்டத்தோடு மட்டும்.

கால் பராமரிப்பு தனிப் பாடம். பாதயாத்திரைப் பழக்கத்தில் வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு, ஆண்டுதோறும் நடந்து உரமேறிய பாதம் அது. புதியவர்கள் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும், நடக்க நடக்க மதியத்துக்குமேல் பாதம் வீங்கும். புது ஷூவோடு கிளம்பாதீர்கள், குறைந்தது நூறு கி.மீ. ஊரிலேயே நடந்து பழக்குங்கள். கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சூடு தெரியும். அங்கேயே உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, ஈரம் துடைத்து, ஒட்டுப் பட்டை போட்டுவிட வேண்டும். "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த இரண்டு கி.மீ.யில்தான் கொப்புளம் எழும்பும். எழும்பிவிட்டால் தோலை உரிக்காதீர்கள். தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெயைக் கிளம்பும் முன் தடவுங்கள், எரிந்தபின் தடவிப் பயனில்லை. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் செயற்கை நூல் காலுறை மேல்.

மதுரை நெருங்கும்போது வழியில் கண்ட பாணர்களிடம் கோவலன் தூரம் கேட்கிறான். அவர்கள் கி.மீ. சொல்லவில்லை, "மதுரைத் தென்றல் வந்தது காணீர்" என்று காற்றைக் காட்டுகிறார்கள், அகிலும் சந்தனமும் பூவும் கலந்த வாசம். இன்று ஒத்தக்கடை தாண்டியதும் வரும் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விவரிக்க வேண்டியதில்லை. கடைசி எட்டு, ஒன்பது கி.மீ. நகர நெரிசல். அதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வைகையை அவர்கள் மரப்புணையில் கடந்து தென்கரை சேர்ந்தார்கள். பெரும்பாலான மாதங்களில் இப்போது ஆற்றில் புணை மிதக்கத் தண்ணீர் இருக்காது, 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நடந்து போகலாம். சிம்மக்கல் அருகே செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சன்னிதி இருக்கிறது. பழங்காநத்தம் அருகே கோவலன் பொட்டல். கோவலன் வெட்டுண்ட இடம் என்று சொல்லப்படுவது, தொல்லியல் துறை அகழ்ந்த இடமும்கூட. நாலு பக்கமும் வீடுகள், கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதோடு நிறுத்தாமல் கண்ணகி தனியாக நடந்த வழியையும் தொடர நினைப்பவர்கள் உண்டு. வைகையின் ஒரு கரையைப் பிடித்து மேற்கே, "எழுநாள் இரட்டி", பதினான்கு நாள். மதுரையிலிருந்து தேனி, கம்பம், கூடலூர் வரை நடப்பதில் சிக்கல் இல்லை. மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குத்தான் நினைத்த நாளில் போக முடியாது. காப்புக்காட்டுக்குள் தமிழக–கேரள எல்லையில் இருப்பதால் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் அனுமதி. தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏற வேண்டும், கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகும். பிளாஸ்டிக் புட்டி கொண்டுபோக விடமாட்டார்கள், உலோகப் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு, மதுரையிலிருந்து பதினாறு நாள் முன்னதாகக் கிளம்பினால் இரண்டு நாள் கையிருப்போடு கூடலூர் வந்து சேரலாம்.